ப்ராஜெக்ட் வழிக் கற்றல்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். சில வருடங்களாகப் பாடத்தின் ஒரு பகுதியை ப்ராஜெக்ட் வழியாக நடத்தி வருகிறேன். பெற்றோர் கூட்டத்தில் அம்மா அப்பாக்களும், பயிற்சி வகுப்பில் சக ஆசிரியர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாடப்புத்தகத்தில் இதற்குச் செயல்திட்டம் என்று பெயர். பள்ளியில் எல்லோரும் ப்ராஜெக்ட் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் பையனுக்குத்தான் மாதம் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்கிறார்களே, அதுதானே இது?

பெரும்பாலும் அது வேறு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளை "அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டு போகணும்" என்று சொல்லும். அப்பா ஸ்டேஷனரி கடை ஷட்டரை இறக்குவதற்குள் ஓடிப்போய் தெர்மாகோல், கலர் சார்ட், ஜிகினா, ஏற்கெனவே அச்சடித்துத் தொங்கும் படத்தாள் எல்லாம் வாங்கி வருவார், அம்மா வெட்டி ஒட்டுவார், பிள்ளை பத்தரைக்குத் தூங்கிவிடும். மறுநாள் அது வகுப்பு அலமாரியின் மேல் ஏறும், ஏப்ரலில் குப்பைக்குப் போகும். அந்த வீட்டில் அன்று யாராவது எதையாவது கற்றுக்கொண்டார்கள் என்றால் அது அம்மாதான்.

நான் சொல்வதில் வரிசையே மாறிவிடும். வழக்கமாகப் பாடம் முடிந்த பிறகு சார்ட் வரும். இதில் முதலில் ஒரு கேள்வி வரும், பிள்ளைகளின் தெருவிலோ வீட்டிலோ இருந்து, விடை யாருக்கும் கையில் இல்லாத கேள்வி. அதற்கு விடை தேடும்போது பாடம் தேவைப்படும், தேவைப்படும் இடத்தில் பாடத்தை நடத்துவோம். வேலை வகுப்பு நேரத்திலேயே நடக்கும், இரண்டு மூன்று வாரம் ஓடும். முடிவில் கண்டுபிடித்ததை அது யாருக்கு உபயோகப்படுமோ அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பிள்ளைகளின் கேள்வி, வகுப்பு நேரம், வெளியே கேட்க ஓர் ஆள், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இது வெளிநாட்டு சமாச்சாரமா? செயல்வழிக் கற்றல் என்று ஒன்று இருந்ததே, அதுவா?

அமெரிக்காவில் ஜான் டூயி என்ற கல்விச் சிந்தனையாளர் 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளி நடத்தினார், சமையலும் தச்சும் நெசவும் அங்கே பாடத்துக்குள் இருந்தன. அவர் வழியில் வந்த கில்பாட்ரிக் 1918-இல் ப்ராஜெக்ட் முறை பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரப்பியது. நம் ஊரிலும் 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூல் நூற்பது மாதிரி ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் மொழியையும் சமூகத்தையும் அதிலிருந்து கற்பிப்பது என்பது அதன் அடிப்படை. அதனால் இதை இறக்குமதி சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

செயல்வழிக் கற்றல் இதற்கு உறவுதான், ஆனால் வேறு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி பிறகு மாநிலம் முழுக்கப் போனது. ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து உருவாக்கியது. சுவரை ஒட்டிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, அட்டைகள், ஏணிப்படி, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறியது. அது ஒன்று முதல் நான்கு வரைக்குமான சின்ன வகுப்புகளுக்கு இருந்தது. எழுத்தும் எண்ணும் பழக நல்ல வழி. ஆனால் அந்த அட்டைகளில் என்ன கற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதியிருந்தது, ப்ராஜெக்டில் பாதி வழியில்தான் தெரியும்.

ஓர் உதாரணம் சொல்லுங்கள். நிஜமாக வகுப்பில் என்ன நடக்கும்?

ஏழாம் வகுப்பு அளவீட்டியல் பாடத்தைச் சொல்கிறேன். கன அளவு, அலகு, லிட்டர், கன சென்டிமீட்டர் என்று போகும் பாடம். புத்தகத்தைத் திறக்காமல் பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: நம் வகுப்பில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, அது போதுமா?

உடனே பதில்கள் பறந்தன. பத்துக் குடம். ரெண்டு டேங்க். ஒரு சம்ப். எனக்குத் தெரியாது, மோட்டார் போட்டா வரும். அப்போது பின் பெஞ்சில் ஒரு பெண், "மிஸ், எந்தக் குடம்? எங்க வீட்டுக் குடம் பெருசு" என்றாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், அன்றைக்கு வேறு எதுவும் நடத்தவில்லை, நாளைக்கு யாரால் முடியுமோ ஒரு குடம் எடுத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நான்கு பிளாஸ்டிக் குடம் வந்தது, மஞ்சள், பச்சை, இரண்டு நீலம். ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். ஒன்று 12 பாட்டிலும் கொஞ்சமும் பிடித்தது, இரண்டு 15-ஐ ஒட்டி, பெரியது 18. எண்ணி முடித்த பிறகுதான் சண்டையே வந்தது. ஒரு பையன் எழுந்து, "மிஸ், வாய் வரைக்கும் ஏன் ஊத்துறீங்க, கழுத்து வரைக்கும்தான் தூக்குவோம், ரொப்பினா தளும்பும்" என்றான். அவன் தினமும் அடிபம்பிலிருந்து இரண்டு மாடி ஏற்றுகிறவன். நான் சொல்லித் தந்திருந்தால் இது என் வாயில் வந்திருக்காது, ஏனென்றால் நான் குடம் தூக்குவதில்லை. கழுத்து வரை மறுபடி ஊற்றினோம், எல்லா எண்ணும் இறங்கியது. "கொள்ளளவு என்பது பாத்திரம் பிடிப்பது, நாம் அளப்பது அதில் இருக்கும் நீரின் கன அளவு" என்ற வித்தியாசத்தை அன்று பலகையில் எழுதினேன். அந்த வகுப்பில் ஒருவர்கூட அதைப் பிறகு குழப்பவில்லை.

அப்புறம் மூன்று நாள் வீட்டில் கணக்கு எடுத்தார்கள். குடத்தில் எடுக்கும் வீடுகள் கோடு போட்டு எண்ணின. மேல் தொட்டி வைத்த வீடுகளில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை, அதனால் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 20 லிட்டர் வாளி ஒன்று குழாயடியில் நிரம்ப எத்தனை நொடி என்று பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, குழாய் திறந்திருக்கும் நேரத்தால் பெருக்குவது. கணக்கு ஆசிரியர் சராசரியை அந்த வாரம் எடுத்துக் கொடுத்தார்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 36 குடம். இதைப் பலகையில் போட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. ஏனென்றால் சில வீடுகள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை, ஒன்றிரண்டு வீடுகள் அதைத் தாண்டியிருந்தன. ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும்: தாளில் பெயர் போடச் சொல்லவே இல்லை, எண்ணை மடித்து டப்பாவில் போட்டார்கள். யார் வீட்டில் தண்ணீர் இல்லை என்பது வகுப்புக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. வீட்டைத் தொடும் ப்ராஜெக்ட் எதை எடுத்தாலும் இதை முதலில் யோசித்து வையுங்கள்.

கடைசியில் பள்ளிக் கைகழுவும் இடத்தில் ஒழுகும் ஒரு குழாயை ஒரு குழு எடுத்துக்கொண்டது. நொடிக்கு ஒரு சொட்டு. பத்து நிமிடம் டம்ளர் வைத்துப் பிடித்து அளந்தார்கள், சுமார் 30 மில்லி. ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல். தலைமை ஆசிரியருக்குக் கணக்கோடு ஒரு கடிதம் எழுதினார்கள், அந்த வாரமே பிளம்பர் வந்து வாஷர் மாற்றினார். இன்டர்வெலில் அந்தக் குழு முழுக்க அவரைச் சுற்றி நின்று பார்த்தது.

இப்படியே போனால் போர்ஷன் எப்போது முடியும்?

நியாயமான பயம். மேலே சொன்னதற்கு எனக்கு ஒன்பது பீரியட் ஆனது, அதே பாடத்தை வழக்கம்போல நடத்தினால் ஐந்தில் முடித்திருப்பேன். நான்கு பீரியட் எங்கிருந்து வந்தது? நோட்ஸ் சொல்லி எழுத வைக்கும் நேரத்தைக் குறைத்தேன், பாடப் பின்பகுதிக் கேள்விகளில் பலவற்றுக்கு விடை அவர்கள் நோட்டிலேயே இருந்தது. வருடம் முழுக்க எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்துகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. நான் வருடத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று எடுக்கிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எதையும் தொடங்குவதில்லை.

எந்தப் பாடத்துக்கு இது ஒத்துவரும் என்பதிலும் கவனம் வேண்டும். நீர், உணவு, வெப்பம், குப்பை, ஒலி, தாவரங்கள் என்றால் தெருவில் இறங்கினால் கிடைக்கும். அணு அமைப்பை ப்ராஜெக்ட்டாக எடுத்தால் தெர்மாகோல் உருண்டையில்தான் போய் முடியும். அதற்குச் சாக்பீஸும் பலகையுமே போதும்.

அப்படியானால் ஆசிரியர் பாடம் நடத்தவே வேண்டாமா?

நடத்த வேண்டும், நன்றாக நடத்த வேண்டும். பிள்ளைகளைச் சும்மா விட்டுவிட்டால் தாமே கண்டுபிடித்துக் கற்றுக்கொள்வார்கள் என்ற பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லை. 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத்தான் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள். புதிதாகக் கற்கும் ஒருவருக்கு வழிகாட்டல் குறைந்தால் மூளையின் வேலை நினைவகம், அதாவது ஒரு வேலையைச் செய்யும்போது விஷயங்களை மனதில் பிடித்து வைத்திருக்கும் இடம், திணறிப்போகும், கற்றல் நடக்காது என்பது அவர்கள் வாதம். வகுப்பில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சராசரி என்றால் என்ன என்று தெரியாத குழு முப்பது எண்ணை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் முழிக்கும்.

மறுபக்கம், அமெரிக்காவில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், உயர்நிலை மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டபோது ப்ராஜெக்ட் வழியில் படித்தவர்கள் பொதுத்தேர்விலேயே கூடுதலாகத் தேர்ச்சி பெற்றார்கள். அங்கே ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் தயாரான பாடத்திட்டமும் கொடுத்திருந்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பிள்ளைக்கு எதில் மாட்டிக்கொண்டது என்று தெரிந்த நிமிடம் நிறுத்தி, எல்லோரையும் உட்கார வைத்து, பதினைந்து நிமிடம் நேராகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுபடி வேலைக்கு அனுப்புவது. தேவை வந்த பிறகு சொல்லும் பதினைந்து நிமிடத்தை அவர்கள் கேட்கும் விதமே வேறு.

என் வகுப்பில் 45 பேர். நடக்கிற காரியமா?

சிரமம், ஆனால் நடக்கும். நான்கு நான்கு பேராகப் பதினோரு குழு, ஒன்றில் மட்டும் ஐந்து. ஆறு பேர் குழு வேண்டாம், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் வெளியே விடாதீர்கள். பாதி வகுப்பு வராண்டாவில் அளக்கும்போது மீதிப் பாதி உள்ளே முந்தைய நாள் எண்ணைக் கணக்குப் போடட்டும், அடுத்த பீரியடில் மாற்றிக்கொள்ளலாம். சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிரச்சினை வராது, நான் முதல் தடவை சொல்லாமல் விட்டு விஷயம் தலைமை ஆசிரியர் அறை வரை போனது.

குழுவில் ஒருவரே எல்லா வேலையும் செய்கிறார், மற்றவர்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

இந்தப் புகார் வராத வருடமே இல்லை. நான் செய்வது, வேலையை நாள்தோறும் சுற்றில் விடுவது: இன்று அளப்பவர் நாளை எழுதுவார், எழுதியவர் கணக்குப் போடுவார், நான்காமவர் சரிபார்ப்பார். தானாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பையன்கள் டேப்பையும் ஸ்டாப்வாட்ச்சையும் பிடித்துக்கொள்வார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெண் பிள்ளைகள் தலையில் எழுதும் வேலை விழும். அவள் மூன்று வாரமும் ஒரு தடவைகூட எதையும் அளக்காமலே ப்ராஜெக்டை முடிப்பாள். சுற்றை நீங்கள்தான் கட்டாயமாக்க வேண்டும், அவர்களாக மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

பீரியட் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, இன்று நான் செய்தது, இன்று எனக்குப் புரியாதது என்று இரண்டே வரி வாங்குகிறேன். யார் சும்மா இருந்தார் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

நம் முறையில் ஒன்பதாம் வகுப்பு வரை பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வு வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தபோது, செயல்பாடுகளுக்கு என்றே அந்த 40-இல் 20 ஒதுக்கினார்கள். இடம் இருக்கிறது, அதை சார்ட்டின் அழகுக்குக் கொடுத்து வீணாக்குகிறோம். நான் சார்ட்டுக்கு மதிப்பெண்ணே போடுவதில்லை. நோட்டைப் பார்ப்பேன், அடித்துத் திருத்திய நோட்டுக்கு அதிகம் போடுவேன். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிடம், அவர்கள் தாளில் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி "இது எப்படி வந்தது?" என்று கேட்பேன். செய்தவர்கள் கடகடவென்று சொல்வார்கள். 45 பேருக்கு மூன்று பீரியட் ஆகும், மற்றவர்கள் அப்போது அறிக்கை எழுதுவார்கள்.

வீட்டில் நாங்கள் உதவி செய்யலாமா?

தாராளமாக. ஆனால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பிள்ளை அளக்க வாளி கேட்டால் கொடுங்கள், கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட் என்றால் வகுப்புக்கு ஒரு நாள் வாருங்கள். தண்ணீர் லாரி ஓட்டும் ஓர் அப்பா வந்து, 9,000 லிட்டர் லாரியை நிரப்ப எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று சொன்ன அரைமணி நேரத்தில் என் வகுப்பு அசையவில்லை. அவருடைய மகன் அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தான்.

கோணல்மாணலாக இருக்கிறதே என்று நீங்கள் திருத்தி எழுதிக் கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் தன் வேலை போதாது என்று புரிந்துவிடும். இரண்டாவதுதான் எனக்கு வருத்தம்.

செலவு அதிகமாகுமே?

ஆகக் கூடாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் பட்டியல் இருந்தாலே அந்த ப்ராஜெக்டைத் திரும்ப யோசிப்பேன். பழைய பாட்டில், நூல், செய்தித்தாள், ஸ்கேல், பள்ளியில் இருக்கும் ஒரு தராசு, இவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் மின்சுற்று ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் ரிச்சி தெருவில் எல்.இ.டி.யும் சின்ன மோட்டாரும் மொத்தமாக வாங்கினால் மலிவு, பள்ளியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளுக்கு 2022-இல் வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள், செய்முறைகள் அதன் வழியாகவும் வருகின்றன.

மழைமானியை உதாரணத்துக்கு எடுங்கள். நேர்ச்சுவர் உள்ள பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி செருகினால் போதும். அடி குண்டும் குழியுமாக இருக்கும் என்பதால் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சமமாக்கி, அந்த மட்டத்தைச் சுழி என்று கோடு போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாக் குழுவின் எண்ணும் தப்பாகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். பிள்ளைகள் இந்த எண்ணைத் தாங்களாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்து மாடிக்கு ஓடி, தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போகிறது என்று தேடுவார்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் பல கட்டடங்களில் குழாய் குழியில் முடியாமல் தெருவில் முடியும். அதைக் கண்டுபிடிக்கும் குழுவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை மழை கிடைக்கும்.

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகலாமா? பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது. பெற்றோர் கையெழுத்தும் தலைமை ஆசிரியர் அனுமதியும் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள், இருபது பேருக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். கூவம், பக்கிங்காம் கால்வாய் என்றால் பாலத்தின் மேலிருந்து பார்த்து எழுதுவதோடு சரி, தண்ணீரைத் தொடவோ பாட்டிலில் பிடிக்கவோ அனுமதிக்காதீர்கள், கரையில் இறங்கவும் விடாதீர்கள். பறவை பார்க்க ஆசை என்றால் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது, நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். ஆனால் வெளியே போனால்தான் ப்ராஜெக்ட் என்று எந்தச் சட்டமும் இல்லை. பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு வருடத்துக்குக் கேள்வி கிடைக்கும்.

தமிழ், சமூக அறிவியல் பாடங்களுக்கு இது சரிப்படுமா?

என் பாடம் இல்லை, ஆனால் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் ஒன்று செய்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள், ஞாபகம் இருக்காது, அதனால் பெரியவர்களைக் கேட்டே தீர வேண்டும். முழங்கால், இடுப்பு, ஜன்னல் கம்பி என்று சொன்னதையெல்லாம் சுவரில் காட்டச் சொல்லி டேப்பால் அளந்து, கையால் வரைந்த தெருப் படத்தில் குறித்தார்கள். ஒரே தெருவில் இரண்டு பேர் வேறு வேறு உயரம் சொன்னால் யாரை நம்புவது என்ற கேள்வி வந்தது. வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தமிழாசிரியர் அந்தப் பேட்டிகளைப் பேச்சு வழக்கில் ஒரு முறையும் எழுத்து வழக்கில் ஒரு முறையும் எழுத வைத்தார்.

வெள்ளத்தில் ஆளை இழந்த வீடுகளும் இருந்தன. கேட்கும் முன் "இதைப் பேச உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்று முதல் நாளே பழக்கினார். எனக்கு அந்த ப்ராஜெக்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இது கூடுதல் சுமை ஆகாதா?

வாசிப்பு வராத பிள்ளையிடம் நீண்ட அறிக்கை கேட்டால் சுமைதான். வரைந்து காட்டலாம், வாயால் சொல்லலாம், அதையும் மதிப்பெண்ணில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசிப்பு வராததை ப்ராஜெக்ட் சரிசெய்துவிடும் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது, அதற்குத் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். குடத்துக் கழுத்தைப் பற்றிப் பேசிய பையனுக்கு அப்போது ஒரு பத்தி சரளமாக வாசிக்க வராது. அந்த வாரத்துக்குப் பிறகு மாலையில் வாசிக்க உட்காரச் சொன்னால் மறுக்காமல் உட்கார்ந்தான், அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

பத்தாம் வகுப்பில்?

பத்தாம் வகுப்பில் நான் வற்புறுத்த மாட்டேன். அறிவியலில் செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது, அதையாவது ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதாமல் கையால் செய்ய வைத்தால் போதும். ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் ஒரு வாரம். அதற்கு மேல் அந்தப் பிள்ளைகள்மேல் எதையும் ஏற்றாதீர்கள்.

சாட்ஜிபிடியில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால்?

"மாசுபாடு பற்றி எழுதுக" என்று கொடுத்தால் அப்படித்தான் வரும், முன்பு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தார்கள், இப்போது போனில் எடுக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று கேட்டால் எந்த போனிலும் விடை கிடையாது. கேள்வியைச் சரியாக வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் வருடம் சுற்றுச்சூழல் என்று பொத்தாம்பொதுவாகக் கொடுத்து 42 சார்ட் வாங்கினேன், முக்கால்வாசியில் ஒரே புகைபோக்கிப் படம், ஒரே கடைத் தாள். பிள்ளைகள் சொன்னபடிதான் செய்திருந்தார்கள், கேள்வி என்னுடையது, தப்பும் என்னுடையது. அடுத்த வருடம் அதையே, 2019 ஜனவரியில் தடை வந்த பிறகும் நம் பள்ளிக்கு எதிரே இருக்கும் கடைகளில் எந்தெந்த பிளாஸ்டிக் புழங்குகிறது என்று மாற்றினேன். இரண்டு குழு எண்ணியது ஒன்றாக வரவில்லை, அதிலேயே மூன்று பீரியட் போனது.

சரி, நான் ஆரம்பிக்க வேண்டும். எங்கிருந்து?

இட்லி மாவிலிருந்து. நுண்ணுயிரிகள் பாடத்துக்கு மூன்று நாளில் முடியும் ப்ராஜெக்ட். அரைத்த மாவைக் கொஞ்சம் வாங்கி மூன்று டம்ளரில் ஒரே அளவு ஊற்ற வேண்டும். ஒன்று அடுப்பங்கரையில், ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று ஜன்னலோரம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, மாலை ஆறு, எட்டு, பத்து, மறுநாள் காலை ஆறு என்று நான்கு முறை ஸ்கேலால் உயரத்தை அளந்து எழுதினால் போதும். உப்பை முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா, கையால் கலக்கினார்களா, கரண்டியாலா என்று அம்மாவையோ பாட்டியையோ கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

மறுநாள் எல்லா எண்ணையும் பலகையில் ஏற்றுங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள். அப்போது புத்தகத்தைத் திறந்து, மாவில் இருக்கும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடுவதையும், குளிரில் அது மந்தமாவதையும் நடத்துங்கள். மேயில் ஒரு தடவையும் டிசம்பரில் ஒரு தடவையும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, மே விடுமுறை என்பதால் ஏப்ரலில் செய்யலாம். டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பொங்கி வழிந்தால் அளவு போய்விடும், அடுத்த முறை வீட்டில் மாவும் கிடைக்காது.